இஎன் 8 பின்னுக்குப் பிசிறு எடுக்க எந்த செராமிக் கல்? துளையிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் சிறிய சிஎன்சி லேத் பட்டறை. அதிகம் ஓடுகிற ஜாப் இஎன் 8 என்ற நடுத்தரக் கார்பன் இரும்பில் (எஃகில்) ஒரு பின்: 20 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம், நடுவில் குறுக்கே 6 மி.மீ. துளை, ஒரு முனையில் 5 மி.மீ. அகலக் கீவே (சாவிக் கட்டை உட்காரும் பள்ளம்), மறுமுனையில் எம்12 மரை. இதுவரை பிசிறை (வெட்டிய விளிம்பில் துருத்தி நிற்கும் உலோகத்தை) அரத்தாலும் உப்புத்தாளாலும் கையால் எடுத்து வந்தீர்கள். இப்போது, கல்லையும் ஜாபையும் ஒன்றாகப் போட்டு அதிரவைத்துப் பிசிறு எடுக்கிற 100 லிட்டர் வைப்ரேட்டரி பவுல் மெஷின் வாங்கியிருக்கிறீர்கள். கல் விற்பவர், "10×10 முக்கோணம், ஃபாஸ்ட் கட் கிரேடு, எல்லா ஜாபுக்கும் இதுவே போதும்" என்கிறார். பித்தளை, அலுமினியம், எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) ஜாப்களும் அவ்வப்போது வருகின்றன. வாங்கலாமா?

சுருக்கமாகச் சொன்னால், 10×10 முக்கோணம் (பக்கம் 10 மி.மீ., தடிமன் 10 மி.மீ.) சரி. ஃபாஸ்ட் கட் வேண்டாம், மீடியம் கட் கேளுங்கள். எல்லா ஜாபுக்கும் ஒரே கல் என்பது நடக்காது. இந்த மூன்றுக்கும் காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். அடுத்த மாதம் வேறு ஒரு டிராயிங் வரும்போது நீங்களே கணக்குப் போட்டுக் கல் எடுக்க முடிய வேண்டும்.

செராமிக் மீடியா என்பது களிமண் வகைப் பிணைப்பில் அரைக்கும் துகளைக் கலந்து, அச்சு வழியே பிதுக்கி, துண்டு போட்டு, சூளையில் 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டெடுத்த கல். அரைக்கும் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு, சில வகைகளில் சிலிகான் கார்பைடு. துகள் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு முரடாக இருக்கிறது என்பதை வைத்து ஃபாஸ்ட் கட், மீடியம் கட், ஃபைன் கட் என்று பெயர் வைக்கிறார்கள். துகளே சேர்க்காமல் சுட்ட போர்சலின் கல்லும் உண்டு. அது வெட்டாது, மேற்பரப்பை அழுத்தி மினுக்கும். இந்தப் பெயர்களுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் கட் இன்னொரு கம்பெனியின் ஃபாஸ்ட் கட் அளவுக்கு வெட்டலாம். அதனால் கிரேடு பெயரை வைத்துப் பேச்சைத் தொடங்குவதே தப்பான இடத்தில் தொடங்குவதாகும்.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் பின்னில் இருக்கிற அந்த 6 மி.மீ. துளை. கல் தேர்வில் மற்ற எதைத் தவறாக எடுத்தாலும் நேரம் கூடும், பளபளப்பு குறையும், அவ்வளவுதான். அளவைத் தவறாக எடுத்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரு கல் இறுகி உட்கார்ந்திருக்கும். நூற்றுக்கணக்கான பின்களில் சிக்கிய கல்லை ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பதற்கு, கையால் பிசிறு எடுத்ததே மேல் என்று ஆகிவிடும். சிக்கிய கல் கண்ணுக்குத் தப்பி வாடிக்கையாளரின் அசெம்பிளிக்குள் போய்விட்டால் அந்த ஆர்டரே போய்விடும்.

எந்த அளவு சிக்கும்? துளையை விடப் பெரிய கல் உள்ளே நுழையாது. துளையின் மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய கல் உள்ளே போய் மறுபக்கம் வந்துவிடும். இடைப்பட்டதுதான் ஆபத்து. உங்கள் துளைக்கு அது ஏறத்தாழ 2 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. வரை. 6 மி.மீ. கல் ஒன்றே போதும், துளையை அடைத்துவிடும். 3 மி.மீ. கல் தனியாகப் போனால் தப்பிவிடும், இரண்டு ஜோடியாகப் போனால் குறுக்கே முட்டுக் கொடுத்து நின்றுவிடும்.

முக்கோணத்துக்குக் கணக்கு இப்படி. பக்கம் 10 மி.மீ. உள்ள முக்கோணம் முழுதாக நுழைய 11.5 மி.மீ. துளை வேண்டும். அதாவது பக்கத்தை 1.155 ஆல் பெருக்க வேண்டும். ஆகவே புதுக் கல் உங்கள் 6 மி.மீ. துளைக்குள் போகவே முடியாது, மூலை மட்டும் விளிம்பைத் தொடும். நமக்கு வேண்டியதும் அதுதான். பிசிறு இருப்பது துளையின் விளிம்பில், துளைக்குள் அல்ல.

ஆனால் கல் புதுசாகவே இருக்காது. ஓட ஓடத் தேயும். காகிதக் கணக்கில் பக்கம் 5.2 மி.மீ.க்குத் தேய்ந்தால்தான் முக்கோணம் 6 மி.மீ. துளைக்குள் போகும். நடைமுறையில் அதற்கு வெகு முன்பே போகும், ஏனென்றால் முதலில் தேய்வது மூன்று மூலைகளும். மூலை உருண்டு போன 7 மி.மீ. முக்கோணம் கிட்டத்தட்ட உருண்டைக் கல்தான். பவுலில் குறையும் கல்லுக்கு ஈடாகப் புதுக் கல் சேர்த்துக்கொண்டே போவீர்கள். சில மாதம் ஓடிய பவுலில் எல்லா அளவுக் கல்லும் கலந்திருக்கும், ஆபத்தான அளவும் அதில் ஒளிந்திருக்கும். புதுசில் பிரச்சினையே வரவில்லை, நாலு மாதம் கழித்துத் திடீரென்று சிக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்கிற பட்டறைகள் பலவற்றில் நடப்பது இதுதான்.

இதற்கு வழி மிக எளிது. 8 மி.மீ. வட்டத் துளையுள்ள பெர்ஃபரேட்டட் ஷீட் வாங்கி ஒரு சல்லடை செய்துகொள்ளுங்கள். ஜாபின் துளையை விடச் சல்லடைத் துளை ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. குறிப்பிட்ட மணி நேரம் ஓடியதும் மொத்தக் கல்லையும் அதில் சலித்து, விழுவதை எல்லாம் தனியே எடுத்துவிடுங்கள். எத்தனை மணி நேரம் என்பதை முதல் சில முறை சலிக்கும்போது எவ்வளவு விழுகிறது என்று பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். விழுந்ததைக் குப்பையில் கொட்ட வேண்டாம். துளை இல்லாத ஜாப்களுக்கு அருமையான, மூலை மழுங்கிய கல் அது. ஒரு டிரம்மில் போட்டு லேபிள் ஒட்டி வையுங்கள்.

புதுக் கல்லிலும் ஒரு வேலை இருக்கிறது. சூளையிலிருந்து வந்த கல்லின் மூலைகள் கூராக இருக்கும், முதல் சில மணி நேரத்தில் அவை சில்லு சில்லாக உடையும். அந்தச் சில்லுகளில் சில அந்த 2 முதல் 6 மி.மீ. அளவில் வரலாம். ஆகவே ஜாப் போடாமல், தண்ணீரும் அதில் கலக்கும் காம்பவுண்டு என்ற கழுவும் திரவமும் மட்டும் விட்டுச் சில மணி நேரம் ஓட்டி, அலசி, சலித்த பிறகே முதல் பேட்ச் போடுங்கள். கீறலும் குறையும்.

இனி வடிவம். மார்க்கெட்டில் உங்களுக்குக் காட்டுவது பெரும்பாலும் ஸ்ட்ரெய்ட் கட் முக்கோணம், முனை சாய்வாக வெட்டிய ஆங்கிள் கட் முக்கோணம், ஆங்கிள் கட் சிலிண்டர், நட்சத்திர வடிவ ட்ரைஸ்டார், உருண்டை. மூலையும் விளிம்பும் உள்ள ஜாபுக்கு முக்கோணம் நல்லது. அதன் 60 டிகிரி விளிம்பு பள்ளத்துக்குள் கொஞ்சம் இறங்கும். உங்கள் 5 மி.மீ. கீவேக்குள் 10 மி.மீ. முக்கோணத்தின் விளிம்பு 4.3 மி.மீ. ஆழம் வரை போகும். கீவேயின் மேல் விளிம்பில் உள்ள பிசிறுக்கு அது தாராளம். அடி மூலைகள் இரண்டையும் அது தொடாது, தொட வேண்டிய அவசியமும் இல்லை. உள்வளைவு உள்ள ஜாபுக்குச் சிலிண்டர் பொருந்தும், ஆனால் வட்டத் துளையில் தேய்ந்த சிலிண்டர் கார்க் மாதிரி இறுகும். உங்கள் பின்னுக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆங்கிள் கட் கல்லைக் காட்டி, "இடுக்கில் எல்லாம் நன்றாகப் போகும்" என்பார்கள். போகும், உண்மைதான். ஆனால் முனை எவ்வளவு குறுகலோ அவ்வளவு எளிதாக இடுக்கில் இறுகும், முனை உடைந்து உள்ளேயே தங்கவும் செய்யும். உங்கள் பின்னில் ஆழமான இடுக்கு எதுவும் இல்லாதபோது அந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சீரற்று உடைத்த கல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் துளையுள்ள ஜாபுக்கு அதைத் தொடவே வேண்டாம். எந்த அளவுத் துளைக்கும் பொருந்துகிற துண்டு அதில் எப்போதும் இருக்கும்.

பெரிய கல் ஏன் கூடாது, 20×20 போட்டால் சிக்கவே சிக்காதே என்று தோன்றலாம். 10×10 முக்கோணம் ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம் எடை. 20×20 எட்டு கிராம். எடை கூடினால் வேகமாக வெட்டும், கூடவே மேற்பரப்பில் பள்ளமும் விழும், மரையின் முகடும் நசுங்கும். கல்லின் எண்ணிக்கை குறைவதால் ஜாபைத் தொடும் புள்ளிகளும் குறையும். ஃபோர்ஜிங், வார்ப்பு, கேஸ் கட்டிங் செய்த தகடு போன்ற முரட்டு ஜாபுக்கு அது வேண்டும். முகமும் மரையும் முடித்துவிட்ட பின்னுக்கு வேண்டாம்.

அளவைத் தீர்மானிக்கிற இன்னொரு விஷயம், ஓடி முடிந்ததும் கல்லையும் ஜாபையும் பிரிக்க முடிய வேண்டும். உங்கள் பின்னின் விட்டம் 20, கல் விழத் தேவையான துளை 11.5. செபரேஷன் சல்லடையில் 14 அல்லது 15 மி.மீ. துளை இருந்தால் கல் விழும், பின் மேலே நிற்கும். உங்களுக்குப் பிரச்சினை இல்லை. கல்லும் ஜாபும் ஒரே அளவில் இருந்தால் சல்லடை பிரிக்காது. இரும்பு என்றால் காந்தம் கைகொடுக்கும், பித்தளைக்கு அதுவும் இல்லை.

அளவும் வடிவமும் முடிந்தது. இப்போதுதான் கிரேடு.

ஃபாஸ்ட் கட் கல் சீக்கிரம் வெட்டும், தானும் சீக்கிரம் தேயும். பக்கம் 10 மி.மீ.யிலிருந்து 7 மி.மீ.க்கு வந்த கல் தன் எடையில் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மூன்றில் இரண்டு பங்கும் சேறாக உங்கள் கழிவுநீரில்தான் இருக்கிறது. வேகமாகத் தேயும் கல்லை எடுத்தால் ஆபத்தான அளவுக்கு அது சீக்கிரம் வந்துசேரும், சல்லடை வேலை கூடும், சேறு கூடும். ஜாபின் முகமும் சாம்பல் நிறத்தில் மங்கி, லேத்தில் கிடைத்த வழவழப்பு கெடலாம். மீடியம் கட்டில் கொஞ்சம் நேரம் கூடும். மெஷின் தானாக ஓடுகிற அந்தக் கூடுதல் நேரத்துக்கான மின்சாரம், ஃபாஸ்ட் கட்டில் தேய்ந்து போகும் கல்லின் விலையை விட இதுமாதிரி ஜாபில் குறைவாகவே வரும் என்பது என் கணிப்பு. உங்கள் மின்கட்டணத்தையும் கல் விலையையும் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிரேடைத் தீர்மானிக்கும் முன் உங்கள் பிசிறையே ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். கல்லைக் குறை சொல்கிற பல இடங்களில் குற்றவாளி டிரில் பிட். விரல் நகத்தால் தள்ளினால் அசைகிற, தகடு போல மெலிந்த பிசிறு என்றால் மீடியம் கட் கல் அதை ஒடித்து விளிம்பையும் லேசாக உருட்டிவிடும். அரம் வைத்து அழுத்தினால்தான் போகும் என்கிற அளவுக்கு அடி தடித்த பிசிறு என்றால் எந்தக் கல்லும் நியாயமான நேரத்தில் அதை எடுக்காது. அதைவிட மோசமானது, கல் அதை வெட்டாமல் தட்டித் தட்டி துளைக்குள்ளேயே மடக்கிவிடும். மேலே பார்த்தால் சுத்தமாகத் தெரியும், துளையைச் சோதிக்கும் உருளையான பின் கேஜ் போட்டால் போகாது. மினுக்குகிற போர்சலின் கல்லைப் போட்டுப் பிசிறு எடுக்கப் பார்த்தால் இது கட்டாயம் நடக்கும், மென்மையான உலோகங்களில் இன்னும் அதிகமாக நடக்கும்.

தடித்த பிசிறு குறுக்குத் துளை வெளியேறும் பக்கத்தில்தான் இருக்கும். பிட் மழுங்கிவிட்டதா, வெளியேறும் இடத்தில் ஃபீட் (பிட் முன்னேறும் வேகம்) அதிகமா என்று பாருங்கள். லைவ் டூல் (லேத்திலேயே சுழன்று வெட்டும் கருவி) இருந்தால் துளை வாயில் சின்ன சாம்பர் (சாய்வு வெட்டு) ஒன்றை புரோகிராமிலேயே கொடுத்துவிடுங்கள். சில நொடி சைக்கிள் நேரம் கூடும், பவுலில் அதற்குப் பல மடங்கு மிச்சமாகும். வைப்ரேட்டரி மெஷின் என்பது எல்லா விளிம்பையும் ஒரே மாதிரி முடித்துக் கொடுக்கிற கருவி. லேத்தில் விட்ட வேலையைச் செய்ய அது வரவில்லை.

எவ்வளவு விளிம்பு உருண்டால் போதும் என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிராயிங்கில் ஐஎஸ்ஓ 13715 குறியீடு இருந்தால் அதில் விளிம்பின் அளவு சொல்லப்பட்டிருக்கும். 'கூர் விளிம்பை நீக்கவும்' என்று மட்டும் இருந்தால் ஒரு மாதிரி பின்னைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பவுலில் எல்லா விளிம்பும் சேர்ந்தே உருளும், ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொல்ல முடியாது.

கல்லுக்கும் ஜாபுக்கும் உள்ள விகிதம் அடுத்தது. கன அளவில்தான் பேச வேண்டும், எடையில் அல்ல. ஒரு பக்கெட்டில் பின்களைக் கொட்டி அளந்தால் வருகிற அளவு அது. முரட்டு ஃபோர்ஜிங்குக்கு ஒன்றுக்கு ஒன்று கூடப் போதும். சாதாரண இரும்பு ஜாபுக்கு மூன்று பங்கு கல்லுக்கு ஒரு பங்கு ஜாப், மென்மையான உலோகத்துக்கு ஐந்துக்கு ஒன்று, முகத்தில் ஒரு கீறல்கூடக் கூடாது என்றால் எட்டு, பத்து என்று ஏறும். உங்கள் பின் ஏறத்தாழ 150 கிராம், அதில் மரை வேறு. ஒன்றோடொன்று மோதினால் மரையில் வடு விழும். நான்குக்கு ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

100 லிட்டர் பவுலை 85 லிட்டர் அளவுக்கு நிரப்பினால் கல் 68 லிட்டர், ஜாப் 17 லிட்டர். 17 லிட்டரில் உங்கள் பின் சுமார் 500 பிடிக்கும். அதன் எடை மட்டும் 75 கிலோ. செராமிக் கல் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1.5 கிலோ, அது 100 கிலோ. மொத்தம் 175 கிலோவை உங்கள் மெஷின் தாங்குமா என்று அதன் பிளேட்டில் பாருங்கள். லிட்டர் கணக்கில் இடம் இருந்தும் எடைக் கணக்கில் மீறினால் சுழற்சி மந்தமாகி, ஜாப் எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் பேட்ச் 250 பின்னோடு தொடங்குங்கள்.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை. எம்12இன் சாதாரண பிட்ச் 1.75 மி.மீ., அந்தப் பள்ளத்துக்குள் 10 மி.மீ. கல் போகாது. முகட்டில் உள்ள மெல்லிய பிசிறைத் தொட்டு எடுக்கும், நல்லதுதான். நேரம் கூடினால் முகடே தேயும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு பின்னை எடுத்து மரையின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, மரையைச் சோதிக்கும் வளையமான ரிங் கேஜும் போட்டுப் பாருங்கள். வெளிவிட்டம் அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்கினால் நேரம் மிஞ்சிவிட்டது. ரிங் கேஜ் கெட்டியாகப் போனால் மோதல் வடு விழுந்திருக்கிறது, பின்களைக் குறையுங்கள் அல்லது மரைக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.

தண்ணீரையும் காம்பவுண்டையும் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். நல்ல கல்லை வீணாக்குவது பெரும்பாலும் இதுதான். காம்பவுண்டின் வேலை, வெட்டிய துகளையும் எண்ணெயையும் கல்லிலிருந்து பிரித்து வெளியே அனுப்புவது. அது நடக்காவிட்டால் கல்லின் முகத்தில் உலோகத் தூளும் சேறும் அப்பி வழவழத்துவிடும். பிறகு நாள் முழுக்க ஓட்டினாலும் வெட்டாது. விற்றவரைத் திட்டுவோம், கல் நல்ல கல்லாகவே இருக்கும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அடியில் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். 100 லிட்டர் பவுலுக்கு மணிக்கு 8 முதல் 13 லிட்டர் வரை, அதில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் காம்பவுண்டு என்று தொடங்குங்கள். இரும்புக்குத் துருத் தடுப்பு சேர்ந்த, பிஎச் 9 அளவிலான காரக் காம்பவுண்டு பொருந்தும். நுரை பொங்கினால் காம்பவுண்டு அதிகம். நுரை மெத்தை போலத் தாங்கிக்கொண்டு கல்லை வெட்டவிடாது. வடிந்த தண்ணீர் கறுப்பாக, கூழாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. அந்த அழுக்குத் தண்ணீரையே பம்ப் போட்டுத் திரும்ப விடுகிற சிக்கனம் வேண்டாம். வழவழத்துப் போன கல்லை, ஜாப் இல்லாமல் அரைக்கும் பவுடர் போட்டுச் சில மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் காம்பவுண்டு சரியாக வேலை செய்யாது, காய்ந்ததும் வெள்ளைத் திட்டு வரும். சிறுவாணித் தண்ணீர் கிடைக்கிற இடமாக இருந்தால் கடைசி அலசலுக்காவது அதை வையுங்கள். லேத்திலிருந்து வரும் பின்னில் கட்டிங் ஆயில் இருக்கும், போடும் முன் ஒருமுறை கழுவிவிடுங்கள். எடுத்ததும் இஎன் 8ஐ ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் மதியத்துக்குள் துரு பூக்கும். மக்காச்சோளத் தக்கைத் தூளில் அல்லது சூடான காற்றில் காயவைத்து உடனே துருத் தடுப்பு எண்ணெயில் முக்குங்கள்.

மெஷின் செட்டிங் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், மேனுவலில் இருக்கும். ஆம்ப்ளிட்யூட் (அதிர்வின் வீச்சு) 4 மி.மீ. பக்கம் வைத்துத் தொடங்கலாம். கல்லும் ஜாபும் பவுலைச் சுற்றி மெதுவாகப் புரண்டு புரண்டு போக வேண்டும். துள்ளினால் அதிகம், அப்படியே நின்று நடுங்கினால் குறைவு.

இனி உங்கள் மற்ற ஜாப்கள். எஸ்எஸ் 304ஐ இதே கல்லில் போடவே கூடாது. இஎன் 8 ஓடிய கல்லின் முகத்தில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும். அது எஸ்எஸ் மேல் பதிந்துவிடும். அனுப்பும்போது பளிச்சென்று இருக்கும், சில நாளில் வாடிக்கையாளரிடம் பழுப்புப் புள்ளி பூக்கும். "எஸ்எஸ் என்று சொல்லி இரும்பு கொடுத்துவிட்டாய்" என்று பேச்சு வரும். எஸ்எஸ்ஸுக்குத் தனிக் கல், தனி டிரம், கல் மாற்றும்போது பவுலை நன்றாக அலசுவது, இதெல்லாம் கட்டாயம். பிறகு நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் பாசிவேஷன் (ஒட்டிய இரும்பைக் கரைத்து மேற்பரப்பைத் துருவிலிருந்து காக்கும் குளியல்) கேட்பார்கள். ஏஎஸ்டிஎம் ஏ967 என்று டிராயிங்கில் இருந்தால் அது இதைத்தான் சொல்கிறது.

அலுமினியத்துக்கு செராமிக் கல் கனம் அதிகம். தட்டித் தட்டி முகத்தைக் கரடாக்கி, கருஞ்சாம்பல் நிறம் ஏற்றும். அலுமினியம் அடிக்கடி வருமென்றால் ரெசினில் செய்த பிளாஸ்டிக் மீடியா வாங்குங்கள். அது லிட்டருக்கு ஒரு கிலோ அளவுதான், மோதல் மென்மையாக இருக்கும். அனோடைசிங் போகிற ஜாபுக்கு இது முக்கியம். எப்போதோ ஒருமுறைதான் என்றால் சிறிய அளவு ஃபைன் கட் செராமிக், குறைந்த ஆம்ப்ளிட்யூட், நிறையத் தண்ணீர், பிஎச் நடுநிலைக்குப் பக்கத்தில் உள்ள காம்பவுண்டு என்று சமாளிக்கலாம். இரும்புக்கு வாங்கிய காரக் காம்பவுண்டு அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும். அலுமினியத் தூள் கலந்த சேற்றைக் காயவிட்டுக் குவித்து வைக்காதீர்கள், தீப்பிடிக்கும் பொருள் அது. ஈரமாகவே, இறுக மூடாத டிரம்மில் வைத்து முறையாக அனுப்புங்கள்.

பித்தளைக்கு இரண்டு கட்டம். பிசிறுக்கு ஃபைன் கட், அதன் பிறகு போர்சலின் கல்லில் பித்தளைக்கான மினுக்கும் காம்பவுண்டு. ஒரே கட்டத்தில் பிசிறும் போய்ப் பளபளப்பும் வர வேண்டும் என்று கேட்டால் இரண்டும் அரைகுறையாக வரும். பிரேசிங் அல்லது வெல்டிங் போகிற ஜாப் எந்த உலோகமானாலும் சிலிகான் கார்பைடு கல்லைப் பற்றி விசாரியுங்கள். அலுமினியம் ஆக்சைடு துகள் முகத்தில் பதிந்திருந்தால் இணைப்பு சரியாகப் பிடிக்காது.

கழிவுநீரை நேராகச் சாக்கடையில் விடாதீர்கள். கல் தூளும் உலோகத் தூளும் எண்ணெயும் அதில் இருக்கிறது. இரண்டு மூன்று அறை உள்ள தொட்டி கட்டி, படியவைத்து, சேற்றைத் தனியே எடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியில் இந்த மெஷினையும் சேர்க்க வேண்டுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். காய்ந்த சேற்றைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். செராமிக் தூளில் சிலிக்கா இருக்கும், அது பெருக்குகிற ஆளின் நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் அடித்தே கழுவச் சொல்லுங்கள். பவுலுக்கு மூடியும் பக்கத்தில் நிற்பவருக்குக் காது அடைப்பானும் வாங்கிக்கொடுங்கள், அந்தச் சத்தத்தில் ஷிப்ட் முழுக்க நிற்பது சாதாரணமில்லை.

பணம் கொடுக்கும் முன் விற்பவரிடம் ஒரு சோதனை ஓட்டம் கேளுங்கள். டிரையல் மெஷின் வைத்திருப்பவர்கள் செய்து தருவார்கள். உங்கள் பின் இருபது கொடுத்து, 10×10 மீடியம் கட், ஃபாஸ்ட் கட் இரண்டிலும் தனித்தனியாக ஓட்டச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் துளை விளிம்பைப் போட்டோ எடுத்து, முகத்தின் ஆர்ஏ அளவையும் (மேற்பரப்பின் கரடுமுரடைக் காட்டும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் துளையில் பின் கேஜ், மரையில் ரிங் கேஜ், ஆர்ஏ, சிக்கிய கல் உண்டா என்று பாருங்கள். எத்தனை மணி நேரத்தில் எத்தனை கிலோ கல் தேய்ந்தது என்ற கணக்கையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தர முடிந்த விற்பனையாளர் தன் கல்லை அறிந்தவர். திருப்தி என்றால் 25 கிலோ மூட்டை நான்கு, தேய்மானத்துக்கு ஈடுகட்ட ஒன்று, மொத்தம் ஐந்து வாங்குங்கள். எஸ்எஸ் ஜாபுக்கான கல்லை வேறு வடிவத்தில், ட்ரைஸ்டார் மாதிரி வாங்கி வைத்துவிட்டால், இரண்டும் கலந்துவிட்டதா என்று தூரத்திலிருந்தே யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.